சமதரையில் நிறுத்தக்கூடாத வண்டி

காலை 7.40. குருண் பட்டணத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் தோட்டம். குன்றைச் சுற்றிச் சுற்றி வெட்டிய செம்மண் பாதைகள், அவற்றின் ஓரமாக ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள், மேலே கோயில், எல்லாவற்றுக்கும் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அங்கே எந்த வண்டியும் மூக்கைப் பள்ளத்தின் பக்கம் வைத்துத்தான் நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை இவ்வளவு கோபத்தோடு எழுத வேண்டியிருக்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். என் தங்கை ஷர்மிளா கல்லூரியில் சேர வேண்டிய நாளும் அதுதான். கல்லூரி அலோர் ஸ்டாரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே, எங்கள் வீட்டிலிருந்து சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து பதியாதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அதை மூன்று முறை படித்துக் காட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமாவும் வாங்கி, இப்போது கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் மின்சில்லுகளைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். எட்டு வருடங்களுக்கு முன் நான் கல்லூரியில் சேர்ந்தபோது என்னுடன் யாரும் வரவில்லை. ஒரு வாளி, ஒரு பை, இரண்டு பேருந்து. பதிவு மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலும் ஒருவர் நின்றார். என் பக்கத்தில் வாளி நின்றது. ஷர்மிளா சேரும் நாளில் அவள் பக்கத்தில் நான் நிற்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அதற்காகப் புதுக் காலணி வாங்கியிருந்தேன், லீவும் போட்டிருந்தேன்.

பெரியப்பா மகன் சேகர் அண்ணன் தன் பிக்கப்பில் எங்களை ஏற்றிப்போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது முன்னால் மட்டும் மூன்று பேர் உட்காரக்கூடிய பழைய டீசல் வண்டி, கையால் கியர் போடும் ரகம். மெத்தை, தலையணை, வாளி, காற்றாடி எல்லாவற்றையும் பின்னால் ஏற்றிக் கட்டிய பிறகு, குருணில் இரவு வேலை முடித்துச் சிவந்த கண்ணோடு வந்து நின்றார்.

“ராத்திரி முழுக்க நின்னுட்டேன் கலை. கண்ணு சொருவுது. நீயே ஓட்டிக்கிட்டுப் போயேன். லைசென்ஸ்தான் வச்சிருக்கியே.”

வைத்திருக்கிறேன். எங்கள் நாட்டில் தானாகக் கியர் மாறும் வண்டிக்கு மட்டும் தனி லைசென்ஸ் உண்டு. அது சுலபம். என்னோடு பயிற்சிக்குப் போன பெண்கள் எல்லாரும் அதைத்தான் எடுத்தார்கள். நான் பிடிவாதமாகக் கை கியர் லைசென்ஸ் எடுத்தேன். எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. அதன் பிறகு கை கியரைத் தொட்டதே இல்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சேகர் அண்ணன் சன்னலில் கையை ஊன்றிக்கொண்டு பாடம் நடத்தினார்.

“சாவிய மொதல்ல பாதி திருப்பு. மஞ்ச வெளக்கு அணையட்டும். அப்புறம் முழுசா திருப்பு.”

“தெரியும்ணே.”

“ரெண்டாவது கியரு முரண்டு பண்ணும். அமுக்காத. மூணு பக்கம் காட்டிட்டு ரெண்டுக்கு இழு.”

“சரி.”

“சிக்னல்ல நின்னா எண்ணெ பெடல லேசா மிதிச்சிக்கிட்டே இரு. கால எடுத்தா செத்துரும். அப்புறம் இன்னொன்னு, நிறுத்துறப்ப—”

“தெரியும்ணே. டெஸ்ட்டுல பாஸ் பண்ணவதான் நான்.”

கதவைச் சாத்தினேன். “படிச்ச பிள்ள, சொன்னா கேக்கவா போற,” என்று சிரித்துக்கொண்டே தூங்கப் போனார். சாவியைத் திருப்பினேன். விளக்கு அணைந்தது, எஞ்சின் பிடித்தது. வண்டி முழுவதும் குளிர்காய்ச்சல் வந்தவனைப் போல நடுங்கியது. கியர் கம்பியின் தலை என் கையில் தனியாகக் கழன்று வந்தது. ஷர்மிளா அதை வாங்கித் திரும்பத் திருகி வைத்தாள்.

8.15. குருண். தோட்டத்துப் பாதை முழுவதும் இறக்கம் என்பதால் ஏழு கிலோமீட்டரும் என்னை நல்ல ஓட்டுநர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய சாலையில் ஏறும் சந்திப்பில் அந்த நினைப்பு முடிந்தது. பச்சை விளக்கு விழுந்தது. இரண்டாவது கியர் பல்லைக் கடித்தது. அமுக்கினேன். இரும்பை இரும்பில் தேய்க்கும் சத்தம் வந்தது, வண்டி ஒரு முறை துள்ளி நின்றுவிட்டது. பின்னால் லோரி ஹார்ன் அடித்தது. மோட்டோர் சைக்கிளில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து, உள்ளே யார் என்று எட்டிப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனான். திரும்பவும் கிளப்பினேன். நல்ல வேளை, உடனே பிடித்தது.

“மெதுவாப் போ. தங்கச்சி இருக்கா,” என்றார் அம்மா.

“மெதுவாப் போறது இல்லம்மா பிரச்சன. கியரு விழல.”

“சேகருக்கு விழுதே.”

அடுத்த ஊரான குவார் செம்படாக் வருவதற்குள் இரண்டாவது கியரைப் பழக்கிவிட்டேன். மூன்றாவதன் பக்கம் சும்மா சாய்த்து, அதை ஏமாற்றிவிட்டு இழுத்தால் விழுகிறது. கிளட்ச் மேலே வரும்போது பாதி வரை ஒன்றுமே நடக்காது, அப்புறம் விரல் அகலத்துக்குள் எல்லாம் நடந்துவிடும். காலணியோடு அந்த இடம் தெரியவில்லை. காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால் மிதித்தேன். எஞ்சின் சூடு பாதத்தில் ஏறியது. ஒரு வண்டி ஓடுவதற்கு ஓட்டுகிறவள் இத்தனை சமாதானம் பண்ண வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது.

குவார் செம்படாக்கைத் தாண்டினால் நாடே மாறிவிடுகிறது. குன்று, செம்பனை, வளைவு எல்லாம் பின்னால் போய்விடும். ஜெராய் மலை மட்டும் கண்ணாடியில் நீலமாகத் தெரியும். முன்னால் வயல். சாலைக்கு இரு பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே உயரத்தில் நெல், நூல் பிடித்தாற்போல வாய்க்கால்கள், வெள்ளைக் கொக்குகள். எங்கள் தோட்டத்தில் கையிலிருந்து எதை விட்டாலும் உருண்டோடும். வாளி, பந்து, தேங்காய், ஒரு முறை பக்கத்து வீட்டு முனியாண்டி மாமாவின் வீல்பரோ தள்ளுவண்டி. இங்கே கடுகைக் கொட்டினால்கூட விழுந்த இடத்தில் கிடக்கும். அழகான இடம்தான். அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த அழகை நான் வாய்விட்டுத் திட்டினேன்.

9.10. கோத்தா சாராங் செமுட் ஊரைத் தாண்டிச் சாலையோரத்தில் ஓர் ஒட்டுக்கடை. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர், இன்னும் பசியாறவில்லை. நேரம் நிறைய இருந்தது. கடை முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், இரண்டு வெள்ளி ஐம்பது காசு, தேநீர் இரண்டு வெள்ளி. ஷர்மிளா சாப்பிடாமல் கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

9.35. சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது, மறுபடி திருப்பினேன். டக். பேட்டரி இருந்தது, ஹார்ன் அடித்தது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. சேகர் அண்ணனுக்குப் போன் அடித்தேன். ஏழு முறை. தூங்குகிறவர் போனை அணைத்து வைத்திருந்தார்.

அப்போது அம்மா, பொட்டலத் தாளை மடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்:

“அவன் எப்பவும் மேட்டுலதான நிறுத்துவான்.”

“என்னம்மா?”

“பாசாருக்குச் சாமான் வாங்கக் கூட்டிட்டுப் போனாலும் மேடு பாத்துத்தான் நிறுத்துவான். உருட்டி விட்டாத்தான் கெளம்பும்.”

“இத ஏம்மா நிறுத்துறதுக்கு முன்னாடி சொல்லல?”

“நீதான் எல்லாம் தெரியும்னியே.”

ஷர்மிளாவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. “உனக்குத் தெரியும்னு நெனச்சேன்கா,” என்றாள். நான் படிக்கவும் வேலைக்கும் வெளியே இருந்த எட்டு வருடங்களில் தோட்டத்தில் எல்லாரும், நாய் உட்பட, இந்த வண்டியைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தார்கள். சாலையில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். மேடு என்று சொல்ல ஒரு முழ உயரம்கூட எங்கேயும் இல்லை. கடலைப் போல வயல்.

கடைக்கார மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, கரண்டியோடு வெளியே வந்து, “ரொசாக் கா?” என்று கேட்டார். பழுதுதான் என்று தலையாட்டினேன். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு லோரிக்காரர் எழுந்து வந்தார். நம்மவர், நாற்பது வயதிருக்கும்.

“என்னா தங்கச்சி, படுத்துருச்சா? யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?”

“நான்தான்.”

என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். “ஆம்பள யாரும் கூட வரலயா?”

“வரல.”

முன்மூடியைத் திறந்து, கை வைத்துப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். “ஸ்டாட்டர் சூடாயிருச்சு. ஆறுனாத்தான் புடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆவும்.”

மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் முப்பது கிலோமீட்டர், நடுவில் அலோர் ஸ்டார் நெரிசல். மக்சிக் கொடுத்த ஈரத்துணியை அதன்மேல் போட்டுப் பார்த்தோம். பத்தரை வரை பொறுத்தோம். டக்.

“தள்ள வேண்டியதுதான்,” என்றார் லோரிக்காரர். “நீ எறங்கி அம்மாவோட சேந்து தள்ளு. நான் உக்காந்து எடுத்துத் தரேன்.”

“நான் உக்காருறேன். நீங்க தள்ளுங்க.”

“கிளச்சு விடத் தெரியுமா? இது தானா கியரு மாறுற ஆட்டோ காடி இல்ல லா.”

“என் லைசென்ஸ்ல என்ன போட்டிருக்குன்னு காட்டவா?”

“லைசென்ஸா வண்டிய எடுக்கும்?” என்றார் அவர். மக்சிக் புரியாமலே சிரித்தார்.

“சண்ட போடாத கலை,” என்றார் அம்மா. “அவரு உக்காரட்டும். பிள்ளைக்கு நேரமாவுது.”

அம்மா சொன்னது நியாயம். அது நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் இறங்கவில்லை. லோரிக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் பின்னால் போனார். அவர், மக்சிக், கடையில் இருந்த இன்னொருவர், அம்மா, ஷர்மிளா, ஐந்து பேரும் தள்ளினார்கள். வண்டி உருண்டது. முதல் கியரில் வைத்து கிளட்சை விட்டேன். சுவரில் மோதியதைப் போல நின்றது. பின்னால் அம்மா தடுமாறியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அவரது சிலிப்பர் வார் அறுந்துபோயிருந்தது.

லோரிக்காரர் வந்து கதவுப் பக்கம் நின்றார், நான் இறங்குவதற்காக. தங்கையின் இடத்தைவிட என் இருக்கை எனக்குப் பெரிதாகிவிட்டதா என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன். கையைக் கதவின் பிடியில்கூட வைத்துவிட்டேன். அந்தப் பக்கச் சன்னலில் ஷர்மிளா தலையை நீட்டினாள்.

“ரெண்டாவது கியரு, அக்கா. சேகர் அண்ணன் ரெண்டுலதான் போடுவாங்க. நல்லா ஓடுனப்புறம் விடணும்.”

“இன்னொரு தடவ,” என்றேன் லோரிக்காரரிடம். “இதுல வரலன்னா நீங்க உக்காருங்க.”

இரண்டாவதுக்கு இழுத்து, கிளட்சை அழுத்தி, காத்திருந்தேன். வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் காத்திருந்தேன். பிறகு விட்டேன். ஒரு பெரிய உதறலோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது, கரும்புகை எல்லார் மேலும் அடித்தது. இருமிக்கொண்டே, “இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல,” என்று லோரிக்காரர் கத்தினார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

11.00. அலோர் ஸ்டார். மாநிலத் தலைநகரத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. கோபுரத்தைத் தூரத்தில் பார்த்தேன். மற்றபடி நான் பார்த்தவை சிவப்பு விளக்குகள். ஒவ்வொன்றிலும் வலது பாதத்தின் ஓரத்தால் பிரேக்கும் மறு ஓரத்தால் எண்ணெயும் மிதித்துக்கொண்டு, எஞ்சினின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். நின்றால் செத்தோம். பக்கத்துக் காடியில் ஒருவர் நான் பந்தயத்துக்குக் கூப்பிடுவதாக நினைத்து முறைத்தார்.

11.35. கல்லூரி. வாசலிலிருந்து மண்டபம் வரை ஒற்றை வரிசையில் காடிகள். “இறக்கிவிட்டு நகருங்கள், நிறுத்துமிடம் பின்பக்கம்,” என்று காவலாளி மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். பின்பக்கத்தையும் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. அரைக் கிலோமீட்டர் சமதரை.

அங்கே அணைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். திரும்பி வந்து, முன்பின் தெரியாத தகப்பன்மார்களைத் தள்ளக் கூப்பிட்டிருக்கலாம். அவர்களில் ஒருவர் கட்டாயம் ‘நீ எறங்கு, நான் உக்காருறேன்’ என்பார். அதை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது. தவிர, காலில் வார் அறுந்த சிலிப்பரோடு அம்மாவை மறுபடி வெயிலில் தள்ளவைக்கவும் முடியாது. மண்டபத்து வாசலில் எண்ணெயை மிதித்தபடியே சொன்னேன்:

“நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வண்டியில இருக்கேன்.”

“நீ வரலயாக்கா?” ஷர்மிளாவின் முகம் சுருங்கியது.

“கால எடுத்தா செத்துரும். போ, நேரமாச்சு.”

அம்மா வெறுங்காலோடு இறங்கினார். என் புதுக் காலணியை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குச் சற்றுப் பெரிது. இரண்டு சீனியர் பையன்கள் மெத்தையை இறக்கினார்கள். காவலாளி விரட்ட, வண்டியை வாசலோரமாக நகர்த்தி, எஞ்சினை அணைக்காமல் நின்றேன். எட்டு வருடமாக நான் நினைத்துவைத்திருந்த அந்த நடை, வாசலிலிருந்து மேசை வரை, என் காலணிக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

11.50. ஷர்மிளா ஒரு தாளோடு ஓடி வந்தாள். எல்லாக் கட்டங்களையும் அவளே நிரப்பியிருந்தாள். தப்பு கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

“அம்மா பேரு போடலயா?”

“அம்மாதான் உன் பேரப் போடச் சொன்னாங்க. சீக்கிரம்கா.”

தாளை ஸ்டியரிங்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எஞ்சின் நடுங்கியது, ஸ்டியரிங் நடுங்கியது, என் எழுத்தும் நடுங்கியது. நான்காம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுகிறவள் நான். என் கையெழுத்தின் மேல் எனக்குப் பெருமை உண்டு. அது கோணல்மாணலாக, நான் அம்மாவுக்கு எழுதப் பழக்கிக் கொடுத்த முதல் நாள் அவர் போட்ட கையெழுத்தைப் போலவே வந்திருந்தது. திருத்த நேரமில்லை. அவள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

12.15. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். கடைசிக்கு முந்தியவளாகப் பதிந்தாளாம். நான் இறங்கவில்லை. அவள் சன்னல் வழியாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், என் கால் எண்ணெய்மேல் இருந்தது. காவலாளி விசில் ஊதினார்.

திரும்பும் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. அலோர் ஸ்டார் தாண்டியதும் அம்மா காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உள்ள ஒருத்தரு ‘நீங்கதான் அம்மாவா’ன்னு மலாயில கேட்டாரு. ஆமான்னேன். நாற்காலி போட்டாரு.” பிறகு, “நீ சேந்தப்ப நான் வந்திருக்கணும்,” என்றார். மூன்றாவது பக்கம் காட்டி இரண்டுக்கு இழுத்தேன். ஒரே இழுப்பில் விழுந்தது.

2.40. தோட்டம். குன்றுகளைக் கண்டதும் மற்றவர்களுக்கு வீடு வந்த நிம்மதி இருக்கும். எனக்கு இத்தனை இறக்கங்களையும் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. கோயில் மேட்டுக்கு வண்டியை ஏற்றவில்லை. எங்கள் தோட்டத்திலேயே சமமான இடம் ஒன்றுதான், பிள்ளைகள் பந்தாடும் திடல். அதன் ஒரு கோடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அம்மா என்னைப் பார்த்தார். இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்.

சத்தம் கேட்டுச் சேகர் அண்ணன் தலை துவட்டியபடி இறங்கி வந்தார்.

“வந்துட்டியா? சாவியக் குடு, பாசாருக்குப் போவணும். இங்க ஏன் வச்ச? மேட்டுல வைக்க வேண்டியதுதான?”

“ஏன் மேட்டுல வைக்கணும்?”

அவர் துவட்டுவதை நிறுத்தினார். “அணைச்சிட்டியா?”

“அணைச்சிட்டேன். சொல்லுங்கண்ணே, ஏன் மேட்டுல வைக்கணும்?”

“சூடா இருந்தா ஸ்டார்ட் ஆவாது.”

“எத்தன நாளா?”

“அப்பா ஓட்டுனப்பவே அப்படித்தான்.”

“அந்த ஸ்டாட்டர மாத்தலயா?”

“எதுக்கு மாத்தணும்?” என்றார், உண்மையாகவே விளங்காமல். “எறக்கம்தான் இருக்கே.”

“காலையில சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல வந்தேன். நீதான் தெரியும் தெரியும்னு கதவச் சாத்துன.”

அது உண்மை. கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் அந்த உண்மை என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. ஓட்டுவதாக ஒரு மாதம் வாக்குக் கொடுத்தவர் அவர். பழுதைப் பழுதென்றே தெரியாமல் ஒரு தலைமுறை ஓட்டியவர்களும் அவர்கள்தான்.

“சரி, எறங்கு,” என்றார். “சித்தியக் கூப்புடு. ரெண்டு பேரும் ஒரு தள்ளு தள்ளுங்க, நான் எடுத்துக்குறேன்.”

நான் இறங்கவில்லை. சாவியைப் பாதி திருப்பினேன். மூன்று பக்கம் காட்டி இரண்டுக்கு இழுத்தேன்.

“நான் உக்காருறேன். நீங்க தள்ளுங்க.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். வண்டி மெல்ல அசைந்தது, உருண்டது, ஓடத் தொடங்கியது. விடலாம் என்று பாதத்துக்குத் தெரிந்தது. அந்த விரல் அகல இடம் இப்போது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

“கிளச்ச விடு, கலை,” என்று பின்னாலிருந்து மூச்சு வாங்கும் குரல் வந்தது.

“தெரியும்ணே,” என்றேன். திடலின் மறு கோடி வரும்வரை விடவில்லை.